அடுத்தவன் சம்பளத்தில் நம்முடைய மனரம்மியம்



செப்டம்பர் மாதம் பிறந்து பயிற்சி முகாம்கள் திறக்கப்படும் காலத்தில், தேசிய ஹாக்கி லீக்கின் ஏதாவதோர் அணியில் இளம் முன்கள வீரர் ஒருவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் வீட்டிலிருப்பது வழக்கமாகிவிட்டது. செய்தி வெளியாகும். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பைகளோடு நாம் நிற்கும்போதே தீர்ப்பும் வெளியாகிவிடும். "இந்த வயதில் இத்தனை மில்லியன் போதாதாமா?" என்று ஒருவர் தொடங்குவார். மற்றொருவர் 1 தீமோத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்து நீட்டுவார். பண ஆசைக்காரன் என்ற பெயர் அந்த வாலிபனுக்குச் சூட்டப்பட்டபின் நாம் நிம்மதியாக வீடு திரும்புவோம்.

இந்தத் தீர்ப்பு வேதத்துக்கு ஒத்ததல்ல. இந்தக் கிழமைத் தியானத்தை அதற்காகவே எழுதுகிறேன்.

வில்லியம் நீலாண்டருடைய காரியத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ரொறன்ரோவில் வாழ்கிற நமக்கு மேப்பிள் லீஃப்ஸ் அணியின் செய்தி வீட்டுச் செய்திபோன்றது. 2014-ஆம் ஆண்டுத் தெரிவில் எட்டாவதாக அந்த அணி அவரைத் தெரிந்தெடுத்தது. 2016-17, 2017-18 ஆகிய இரு பருவங்களிலும் அவர் 61 புள்ளிகள் வீதம் எடுத்தார். முதல் ஒப்பந்தம் 2018 கோடையில் முடிந்தபோது அவருக்கு வயது 22. அணி தர விரும்பியதும் அவர் கேட்டதும் ஒத்துவரவில்லை. ஒக்டோபர் போயிற்று, நவம்பரும் போயிற்று. டிசம்பர் 1-ஆம் திகதி மாலை 5 மணிக்குள் கையொப்பமிடாவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் அவர் அந்த லீக்கில் விளையாட முடியாது என்பது விதி. அந்த மணி அடிக்கச் சில நிமிடங்களே இருக்கையில் ஆறு ஆண்டு ஒப்பந்தம் முடிவாயிற்று. சம்பளக் கணக்கில், முதற்பருவத்துக்குப் பின் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 7 மில்லியன் டொலர்.

அந்த இரண்டு மாதமும் அவரைக் குறித்துப் பேசப்பட்டவற்றில் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் விடுபட்டிருந்தது: வீட்டிலிருப்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி இருந்தது?

முறைமையைச் சற்றுக் கவனியுங்கள். பதினெட்டு வயதில் ஒரு வாலிபன் தெரிவுக்கு நிற்கிறான். எந்த அணி என்பதை அவன் தேர்ந்துகொள்வதில்லை; அணியே அவனைத் தேர்ந்துகொள்கிறது. முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. அதன் அடிப்படைச் சம்பளத்துக்கு லீக்கே மேல்வரம்பு வைத்திருக்கிறது. நீலாண்டர் தெரிவான காலத்தில் அது ஆண்டுக்கு 925,000 டொலர். மூன்று ஆண்டு முடிந்ததும் அவன் சுயாதீனன் ஆகிவிடுவதுமில்லை. அணி ஒரு குறைந்தபட்ச அழைப்பை அனுப்பினாலே அவன்மேலுள்ள உரிமை அணியிடம் நிலைத்திருக்கிறது. வேறோர் அணி அவனுக்கு விலை கூறலாம். ஆனால் அதே விலையைக் கொடுப்பதாகச் சொல்லிப் பழைய அணி அவனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். நடுவர்முன் வழக்காட வேண்டுமென்றால் அதற்கும் இத்தனை ஆண்டு அனுபவம் என்ற கணக்கு உண்டு. நீலாண்டருக்கு அந்தக் கணக்கு நிறைவாகியிருக்கவில்லை. முழு விடுதலை பொதுவாக 27 வயதிலோ, ஏழு பருவங்கள் ஆடிய பின்னரோதான். அதுவரை அவன் கையிலிருப்பது ஒன்றே: வராமலிருப்பது. அந்த ஒன்றை அவன் பயன்படுத்தும்போது நாம் அதைப் பேராசை என்கிறோம். எல்லாக் கதவுகளையும் பூட்டி வைத்திருக்கிறவனையோ சாமர்த்தியமுள்ள நிருவாகி என்கிறோம்.

வேதத்தில் இதற்கு ஒப்பான வரலாறு ஒன்று இருக்கிறது. ஆதியாகமம் 29 முதல் 31 வரை மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள். பதான் அராமுக்கு வந்து சேர்ந்த யாக்கோபை லாபான் தன் எலும்பும் மாம்சமும் என்று சொல்லித் தழுவிக்கொள்கிறான். இன்றைய முதலாளிகள் "நாமெல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொல்வதற்கு மூதாதை அந்த வார்த்தைதான். உறவினன் என்பதற்காக நீ சும்மா உழைக்கலாமா, சம்பளத்தைக் கேள் என்றும் பெருந்தன்மையாய்ச் சொல்கிறான். யாக்கோபு கேட்கிறான், ஏழு ஆண்டு உழைக்கிறான். விடிந்து பார்த்தால் ஒப்பந்தப்படி கிடைத்தது ராகேல் அல்ல, லேயாள். மேலும் ஏழு ஆண்டு. அதன்பின் மந்தைக்காக ஆறு ஆண்டு. பத்து முறை சம்பளம் மாற்றப்பட்டது என்று யாக்கோபு பின்னர் முறையிடுகிறான்.

முப்பதாம் அதிகாரத்தில் அவன் லாபானிடம் பேசும் பேச்சைத்தான் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நான் வருமுன் உமக்கிருந்தது கொஞ்சம். இப்போது அது பெருகியிருக்கிறது. என் வீட்டுக்காக நான் சம்பாதிப்பது எப்போது என்பதே அதன் சாரம். ஒரு வீரனுடைய முகவர் அணி நிருவாகியின் மேசைக்கு எதிரே அமர்ந்து சொல்வதும் இதுதான்; ஒரு சொல்கூடக் கூடுதலில்லை. லாபானும் இதை மறுக்கவில்லை. யாக்கோபினாலே தனக்கு ஆசீர்வாதம் உண்டாயிற்று என்று தானே ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட பின்பும் கடாக்களைப் பிரித்து மூன்று நாள் பிரயாண தூரத்துக்கு அனுப்பிவிடுகிறான். (யாக்கோபு மரக்கொப்புகளை உரித்து வைத்த தந்திரத்தை நான் இங்கே நியாயப்படுத்தப் போவதில்லை, அது வேறொரு நாளுக்குரிய பிரசங்கம்.)

இவ்வரலாற்றில் நம்முடைய இடம் எது தெரியுமா? நாம் யாக்கோபுமல்ல, லாபானுமல்ல. முப்பத்தோராம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் லாபானுடைய குமாரர் வருகிறார்கள். எங்கள் தகப்பனுக்கு உண்டானவற்றையெல்லாம் அவன் எடுத்துக்கொண்டான் என்று அவர்கள் முறுமுறுக்கிறார்கள். அவர்களுடைய பங்கு அவ்வளவுதான். தேநீர்க் கோப்பையோடு நாம் நின்றது அந்த வசனத்திலேதான். கர்த்தரோ அவர்களுடைய முறையீட்டை விசாரித்ததாக எழுதப்படவில்லை. லாபான் செய்த யாவையும் தாம் கண்டதாக அவர் யாக்கோபுக்கே அறிவித்தார்.

இனி, மனரம்மியம் என்ற சொல்லுக்கு வருவோம். நம்மிடையே அதிகமாய்ப் புரட்டப்படுகிற சொல் அது. பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் பவுல் எந்த நிலையிலும் திருப்தியாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். யாரைக் குறித்துச் சொல்கிறார்? தம்மைக் குறித்து. எந்தக் கடிதத்தில்? எப்பாப்பிரோதீத்துவின் கையில் காணிக்கை அனுப்பியவர்களுக்கு நன்றி கூறும் கடிதத்தில். பிலிப்பி சபையார், பவுலே, மனரம்மியமாயிரும் என்று எழுதி அனுப்பவில்லை. அவருக்கு வேண்டியதை அனுப்பினார்கள். ஒருமுறையல்ல, தெசலோனிக்கேயில் அவர் இருந்தபோதும் அனுப்பினார்கள்.

1 கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரமோ இன்னும் கடுமையானது. போர்ச்சேவகன், திராட்சத்தோட்டக்காரன், மந்தை மேய்ப்பவன், போரடிக்கிற மாடு என்று உவமைமேல் உவமை அடுக்கி, உழைப்பவனுக்குப் பங்கு உண்டு என்று பவுல் வாதாடுகிறார். அந்த உரிமையை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டிய பிறகுதான் அதைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். இந்த வரிசை முக்கியம். தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுப்பது தியாகம். அடுத்தவன் உரிமையை நாம் விட்டுக்கொடுத்துவிட்டு அதற்குத் தேவபக்தி என்று பெயர் வைப்பது களவுக்கு அயல்வீடு. யோவான்ஸ்நானன் சேவகரைத் தங்கள் சம்பளத்தோடு அமைந்திருக்கச் சொன்னாரே என்று கேட்பீர்கள். லூக்கா 3:14-ஐ முழுவதுமாய் வாசியுங்கள். ஆயுதம் தரித்தவர்கள் எளியவரை மிரட்டிப் பறிக்கக்கூடாது என்பதே அங்குள்ள கட்டளை. அதைக் கொண்டு ஊதியம் கேட்கிறவனின் வாயைக் கட்ட முடியாது.

ஒரு மறுப்பு நியாயமானது. அதை நான் தள்ளிவிட விரும்பவில்லை. "அணிக்கு ஊதிய உச்சவரம்பு உண்டு, ஒருவன் அதிகம் கேட்டால் இன்னொருவனுக்குக் குறையும், அப்படியானால் அவன் தன் சகோதரனுடைய அப்பத்தை அல்லவா எடுக்கிறான்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உண்மைதான். 2018-19 பருவத்தில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத்தொகை 79.5 மில்லியன் டொலர். அதே கோடையில் லீஃப்ஸ் அணி ஜோன் டவாரெசுக்கு ஏழு ஆண்டுக்கு 77 மில்லியன் எழுதியிருந்தது. பானை ஒன்று, அகப்பைகள் பல. ஆனால் அந்தப் பானையின் அளவைத் தீர்மானித்தது யார்? 2004-05-இல் உரிமையாளர்கள் அரங்கக் கதவுகளைப் பூட்டி, ஒரு பருவம் முழுவதும் அழிந்துபோனபின் வந்தது அந்த வரம்பு. 2012-13-இல் இன்னொரு கதவடைப்பு. அதன் முடிவில் வருமானத்தில் வீரர்களின் பங்கு 57 விழுக்காட்டிலிருந்து 50-க்கு இறங்கியது. எந்த ஒரு வீரன் எவ்வளவு பெற்றாலும் உரிமையாளரின் பாதி அசைவதில்லை. சகோதரனைச் சகோதரன்மேல் ஏவிவிடும்படி அமைந்த கணக்கு அது. அதைப் பார்த்துவிட்டு நாமும் சகோதரனையே குற்றஞ்சாட்டுகிறோம். பூட்டியவனுடைய சாவிக்கொத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்த நீலாண்டர் அந்த ஆண்டு 54 ஆட்டங்களில் 7 கோல்கள் மட்டுமே போட்டார். "பார்த்தீர்களா, பேராசைக்குத் தண்டனை" என்றவர்கள் இருந்தார்கள். பின்னர் அவர் ஒரே பருவத்தில் 40 கோல்கள் போட்டார். அடுத்த பருவத்திலும் 40. 2024 ஜனவரியில் எட்டு ஆண்டுக்கு 92 மில்லியன் டொலர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அப்போது பழைய ஒப்பந்தம் அணிக்கு மலிவாய்க் கிடைத்ததென்று பலரும் பேசினார்கள். ஒருவனுடைய நீதியை அவனுக்கு நேரிட்ட சுகதுக்கத்தைக் கொண்டு அளந்த யோபுவின் நண்பர்களைக் கர்த்தர் கடிந்துகொண்டார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

"மில்லியன்களில் புரளுகிறவனுக்குப் போதகர் பரிந்து பேசுகிறாரே" என்று சிலர் வியக்கக்கூடும். ஐசுவரியத்தின் ஆபத்தைப் பற்றி ஆண்டவர் சொன்ன எதையும் நான் குறைக்கவில்லை. அந்த வாலிபன் நம் பீடத்தின் முன்வரிசையில் அமர்ந்திருந்தால் அவனிடம் அதைத்தான் முதலில் பேசுவேன். ஆனால் அவன் இங்கே அமர்ந்திருக்கவில்லை. நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். களஞ்சியசாலைகளில் இரவுப்பணி செய்கிறவர்கள், முதியோர் இல்லங்களில் பணிபுரிகிறவர்கள், முகவர் நிறுவனங்கள்மூலம் நாட்கூலிக்குப் போகிறவர்கள் அவர்களிடையே உண்டு. வேலை தருகிறவரிடம் சம்பளத்தை உயர்த்திக் கேட்கலாமா என்று அவர்கள் தயங்கும்போது, வீரனைப் பற்றி நாம் வாசலில் பேசியது அவர்கள் காதில் ஒலிக்கிறது. கேட்பது பாவம் என்று அவர்கள் நம்மிடமே கற்றுக்கொள்கிறார்கள். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதை யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. கூலியாவது கூக்குரலிடுகிறது, உழைத்தவனை நாம் வாய்திறக்கவும் விடுவதில்லை.

ஆலயத்துக்குள்ளும் வருவோம். நம்முடைய வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும். கட்டடத்தைச் சுத்தம்செய்து, பனியை அள்ளி, நமக்குமுன் வந்து கதவைத் திறக்கிறவருடைய ஊதியம் அதில் ஒரு வரி. ஊழியம் என்று சொல்லி நாம் அதை ஒரு நிமிடத்தில் கடந்துபோவது வழக்கம். அந்த வரியைத் தீர்மானிக்கும் நேரத்தில் அவர் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். இம்முறை அவரை மேலே அழைத்து, எவ்வளவு வேண்டும் என்று முதலில் அவரிடம் கேட்டு, அதன்பின் தொகையை விவாதிக்க வேண்டுமென்று நான் பிரேரிக்கப் போகிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.