கொம்பு தவறிய கொத்தமல்லி
சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் காய்கறிக் கடையில் சாக்பீஸால் எழுதிய பலகைகூடக் 'கொத்தமல்லி'யைச் சரியாகக் காட்டுகிறது. என் கைபேசியில் ஒரு கடைச் செயலியோ கொம்பை 'க'வுக்குப் பின்னால் தள்ளியிருந்தது. ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் தமிழ் கோக்கத் தெரியும். செயலிக்குள் வெளியாரிடம் வாங்கி ஒட்டிய மென்பொருள் பெட்டி, எழுத்தைத் தானே வரையப் புகும்போதுதான் இந்தக் கோளாறு. அதற்காக வெளியார் சரக்கே ஆகாது என்பேனா? முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சுச் செயலியான செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானபோது, கைபேசித் தமிழே வெளியார் தந்த கொடைதான். ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8 வந்த பிறகே வெளியார் விசைப்பலகைகளுக்குக் கதவு திறந்தது. அதுவும் கடவுச்சொல் கட்டத்துக்குள் விடாமல். வெளியார்மேல் ஆப்பிளுக்கு இருந்த அந்தச் சந்தேகம் நியாயமானது. செயலி செய்பவர்களே, பெட்டியை வாங்குமுன் அதில் ஒருமுறை 'கொ' தட்டிப் பாருங்கள்.