ஜமீனில் யார் பேய்?

சென்ற மாதம் ஆழ்வார்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ‘தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா’ பார்த்தோம். 1960இல் டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய ஹாமர் கம்பெனிப் படம். ஆறு பேர் இருந்தோம். அநேகமாக எல்லோருமே கஸ்தூரி ரங்கன் சாலை ரஷ்ய கலாசார மையத்து இருட்டில் சினிமா கற்றவர்கள். பெர்க்மன் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருகிறவர்கள். படம் முடிந்ததும் ஒருவர், “பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரத்தக்காட்டேரியாம். இதைப் பற்றியுமா எழுதப் போகிறீர்?” என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எழுதத்தான் வேண்டும். அந்தச் சிரிப்பைப் பற்றியாவது எழுத வேண்டும்.

படத்தின் கதை இவ்வளவுதான். பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு கற்பிக்கப் பாரிஸிலிருந்து வருகிறாள் மரியான். வழியில் ஒரு பிரபு குடும்பத்துச் சீமாட்டியின் மாளிகையில் ஓர் இரவு தங்குகிறாள். சீமாட்டியின் மகன் அங்கே வெள்ளிச் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறான். இரக்கப்பட்டுச் சாவியை எடுத்துக் கொடுப்பவள் மரியானேதான். டிராகுலா தலைப்பில் மட்டும் இருக்கிறார், படத்தில் வருவதில்லை. வருகிறவன் இந்த மகன். பெண்கள் இருக்கும் இடமென்று வெகு கண்டிப்புக் காட்டும் பள்ளித் தலைவர், வந்திருப்பவன் பிரபு என்று தெரிந்த மாத்திரத்தில் குழைந்துபோகிறார். பிறகு பள்ளியில் பிணம் விழாமல் என்ன செய்யும்?

இதில் அசட்டுத்தனங்கள் உண்டு. வௌவால் பொம்மையின் லட்சணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு விஷயங்களை இந்தப் படம் கூசாமல் சொல்கிறது. மகனைச் சங்கிலியில் பூட்டிய அதே தாய்தான் அவனுக்கு இளம்பெண்களை வரவழைத்துக் கொடுத்தும் வந்திருக்கிறாள். அதோடு, ரத்தம் குடிப்பவன் ஊரின் பெரிய மனிதன். இந்த இரண்டையும் சொல்லத் தமிழ் சினிமாவுக்குத் தைரியம் வந்ததில்லை. அதன் தாய்க்குப் பாட்டு உண்டு, கண்ணீர் உண்டு, குற்றம் கிடையாது.

நம் பேய்ப் படங்களின் கணக்கே தலைகீழானது. அங்கே கொன்றவன் பேய். இங்கே கொல்லப்பட்டவள் பேய். ஜமீன் பங்களாவில் செத்துப்போன பெண் வெள்ளைப் புடவையில் அலைய வேண்டும். அவளைக் கொன்ற வம்சம் கூடத்துப் படங்களில் மீசையோடு தொங்கும். பூசாரி வந்து அவளை விரட்டுவார். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சினிமா ஜமீன்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரே ஒரு முறை அருகில் வந்தோம். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963). மகனின் காதலை அழித்த ஜமீன்தார் நூறு வயது தாண்டியும் சாகாமல் கிடக்கிறார். அடுத்த பிறவியிலும் அந்தக் காதலை விடாமல் துரத்துகிறார். நம்பியாரின் அந்தக் கிழவர், கோரைப்பல் இல்லாத ரத்தக்காட்டேரிதான். வின்சென்ட்டின் காமிராவுக்கு அது தெரிந்திருக்கிறது. கதைக்குத் தெரியவில்லை. அது மறுபிறவிக்குள் ஓடி ஒளிந்துகொண்டு, காதலைக் காப்பாற்றிய திருப்தியில் முடிந்துவிடுகிறது.

அதன் பிறகு வந்தவை? ‘காஞ்சனா’வில் (2011) நிலத்தையும் உயிரையும் பறிகொடுத்த திருநங்கை நியாயம் கேட்டு வருகிறாள். நல்ல கரு. ஆனால் நியாயம் கேட்க அவளுக்குக் கதாநாயகனின் உடம்பு தேவைப்படுகிறது. பழையனூர் நீலி தன் வழக்கைத் தானே சபையில் பேசினாள். நம் சினிமாவில் பேய்க்குக்கூட ஆண் வக்கீல்.

ஹாமரைக் கும்பிடச் சொல்லவில்லை. 1971இல் அதே கம்பெனி ‘லஸ்ட் ஃபார் எ வாம்பயர்’ என்று மறுபடியும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அதில் கடிப்பது காமிரா. பள்ளிக்கூடம் வெறும் சாக்கு. மாணவிகளின் உடம்பைக் காட்டுவதே காரியம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதுதான் விமர்சனத்தின் வேலை. இரண்டையும் சேர்த்துச் சிரிப்பதற்கு விமர்சகன் எதற்கு?

இன்னொன்று. காட்டேரி என்ற பெயரே நாம் செய்த அநியாயம். காட்டேரி, எளிய சனங்கள் படையல் வைத்து வணங்கும் தெய்வம். ஐரோப்பியப் பிரபுவின் குற்றத்துக்குப் பெயர் தேடியவர்களுக்கு அவள்தான் அகப்பட்டாள்.

அன்று மாடியில் சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். கவிதை எழுதுகிற பெண். கல்லூரிக் காலம் முழுவதும் ஹாஸ்டலில் இருந்தவர். படியிறங்கும்போது சொன்னார்: “என் அண்ணன் வந்தால் கேட்டிலேயே நிறுத்தி நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். நிர்வாகத்துப் பெரிய மனுஷர் ஒருவர் வருவார். அவர் கார் போர்ட்டிகோ வரை போகும். அந்த நோட்டில் அவர் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை.”

தமிழில் எடுக்க வேண்டிய படம் அந்த நோட்டில் இருக்கிறது. நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.