உப்புத்தாள் நம் கையில், உளி யார் கையில்?

சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கென்று தனிக் கடை போட்டிருந்தார்கள். யாளி, நடராசர், நிலைப்படிக்கு மேல் பதிக்கிற கஜலட்சுமி, இரண்டடி உயரத்தில் ஒரு குதிரை வீரன். வேலைப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. கடையின் நெற்றியில் பலகை ஒன்று: "ஏழு தலைமுறைப் பரம்பரை". விற்பனையில் இருந்தவர் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். நைனார்பாளையம் என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப உங்களுக்கே தெரியுமே சார், இது சொல்லிக் குடுத்து வர்றதில்ல. ரத்தத்துல வரணும்."

நைனார்பாளையத்தில் எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலனி என்று சொல்லியிருப்பேன்.

என் சித்தப்பா 11 ஆண்டு ஒரு மரச்சிற்பப் பட்டறையில் வேலை பார்த்தார். எந்தப் பட்டறை என்பது இங்கே தேவையில்லை. லாரியிலிருந்து மரம் இறக்குவது, அறுக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்வது, சிராய் அள்ளுவது, சிலை முடிந்ததும் உப்புத்தாள் தேய்ப்பது, கடைசியாகப் பாலிஷ். யாளியின் பல்லிடுக்கில் விரல் நுழையாது. தாளைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு, செதுக்கிய வரி மழுங்காமல் தேய்க்க வேண்டும். எந்த வரி எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் மரத்தின் ஓட்டம் திரும்புகிறது, எங்கே அழுத்தினால் பிசிறு எழும் என்பதெல்லாம் விரல் நுனிக்குத் தெரியாமல் அந்த வேலை நடக்காது. 11 ஆண்டு விரலால் படித்த மனிதர் ஒருநாள் உளி பிடித்துப் பார்க்கவா என்று கேட்டிருக்கிறார். "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம், இது எங்களோட போகட்டும்" என்று பதில் வந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. "நல்ல மனுசன்தான்டா அவரு" என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்வார். சாதி நல்ல மனிதர்களின் வாய் வழியாகவும் வேலை செய்யும் என்பதற்கு எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குக் கிடைத்தது. இந்தக் குறியீட்டைத் தருவது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு பொருளின் தரமும் பெயரும் அது உருவாகிற நிலப்பகுதியோடு கட்டுண்டவை என்பதுதான் அதன் அடிப்படை. அந்தப் பகுதியில் அந்தப் பொருளை அந்தத் தரத்தில் செய்கிற எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்யக் கோரலாம். சட்டம் கேட்பது ஊரை. தகப்பன் பெயரையும் குலத்தையும் அது கேட்கவில்லை. ஆனால் குறியீடு கடைக்கு வந்து சேர்வதற்குள் 'கள்ளக்குறிச்சி' என்ற ஊர்ப் பெயர் 'ஏழு தலைமுறை' என்ற குலப் பெயராகி விடுகிறது. நிலத்துக்குக் கொடுத்த உரிமை ரத்தத்துக்கு எழுதி வைக்கப்படுகிறது.

அந்த நிலத்தில்தானே காலனியும் இருக்கிறது? கல்வராயன் மலையும் இருக்கிறது?

இதே மாவட்டத்தில் மரத்தை வைத்து நடந்த இன்னொரு கதை எந்தக் கண்காட்சியிலும் இடம்பெறாது. சங்கராபுரம் அருகே சேஷசமுத்திரம். அப்போது அது விழுப்புரம் மாவட்டம். தலித் மக்கள் தங்கள் மாரியம்மனுக்குத் தேர் செய்தார்கள். அதைப் பொதுப்பாதை வழியாக இழுக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2015 ஆகஸ்ட் 15, சுதந்திர தின இரவில் ஆதிக்கச் சாதிக் கும்பல் பெட்ரோல் குண்டுகளோடு காலனிக்குள் புகுந்தது. வீடுகள் எரிந்தன. தேரும் எரிந்தது. தேர்ச்சிற்பத்தைத் தமிழர் கலையின் உச்சம் என்று மலர் வெளியிடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தேருக்காக ஒரு பத்தி எழுதினார்கள்? சேரியின் மரம் எரிந்தால் அது சட்டம் ஒழுங்குச் செய்தி, அவ்வளவுதான்.

மலைக்குப் போனால் கதை இன்னும் கசப்பு. கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசு நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல்தான். அங்கேயும் பக்கத்துச் சித்தேரி, ஜவ்வாது மலைகளிலும் வாழ்கிற மலையாளிப் பழங்குடியினருக்கு மரத்தோடு அரசு ஏற்படுத்திக் கொடுத்த உறவு எது? 1992 ஜூன் 20, சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று போன அரசுப் படை என்ன செய்தது என்பதை நீதிமன்றத் தீர்ப்பே சொல்கிறது. 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. செம்மரம் வெட்டியதாக 20 தமிழர்களை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் இந்த மலைகளின் மக்கள். அதே செம்மரம் கடல் தாண்டிச் சீனாவுக்குப் போனால் பரம்பரை மரச்சாமான், செல்வந்தர் வீட்டுக் கௌரவம். அந்த மரச்சாமான்களுக்கென்றே பெய்ஜிங்கில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வெட்டினவன் திருடன், செதுக்கினவன் கலைஞன், வாங்கினவன் ரசிகன். ஒரே மரம்தான்.

கைவினை என்றாலே பரம்பரை என்று நம் மூளையில் ஏற்றியது யார்? ஆனந்த குமாரசாமி 1909-இல் 'தி இந்தியன் கிராஃப்ட்ஸ்மேன்' எழுதினார். ஆலைப் பொருளின் அசிங்கத்தை எதிர்த்து எழுதிய நூல் என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் சாதி என்கிற சிறையை அவர் கைவினைஞனுக்கான பாதுகாப்புக் கூடாரமாகப் பார்த்தார். அந்தக் கூடாரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் அவர் கண்ணில் படவில்லை. 27 ஆண்டு கழித்து அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் அந்தக் கூடாரத்தைப் பிரித்துக் காட்டினார். வேலையைப் பிரிப்பது ஒன்று, வேலை செய்கிற மனிதர்களையே மேல்கீழாக அடுக்கிப் பூட்டுவது வேறொன்று, சாதி செய்வது இரண்டாவதை என்றார். என் சித்தப்பாவின் பட்டறையில் வேலை பிரிந்திருந்தது உண்மை. உப்புத்தாளிலிருந்து உளிக்கு ஏற ஏணி இல்லை என்பதுதான் சாதி.

1953-இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லிக் கிழித்தார். மறு ஆண்டே காமராசர் அரசு அதைக் கைவிட்டது. 70 ஆண்டு கழித்து 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு 'விஸ்வகர்மா' திட்டம் கொண்டு வந்தது. குடும்பவழித் தொழில் என்ற நிபந்தனையோடு, 18 வயதிலிருந்தே. தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கு, வயது வரம்பை 35 ஆக்கு என்று கேட்டது. கேட்டது சரி. 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் 'கலைஞர் கைவினைத் திட்டம்' என்று தனியாகவும் தொடங்கியது. சாதி நிபந்தனை கிடையாது, 3 லட்சம் ரூபாய் வரை கடன், மானியம். இதையும் வரவேற்போம்.

வரவேற்றுவிட்டு ஒரு கேள்வி. 35 வயதில் கடன் வாங்குகிற அளவுக்குத் தொழில் தெரிந்தவன் யார்? 15 வயதில் யாரோ உளி கொடுத்தவன். ஆசாரி வீட்டுப் பிள்ளையைக் குலத்தொழிலுக்குள் தள்ளாதே என்பது நம் கோரிக்கையின் ஒரு பாதி. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பட்டறைக் கதவைத் திற என்பது மறு பாதி. முதல் பாதிக்கு நாம் தெருவுக்கு வந்தோம். இரண்டாவதை யாரும் எழுதிக்கூடக் கேட்கவில்லை.

இங்கே இளைய தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். "குலத்தொழில் ஒழிய வேண்டும் என்கிறோம், நீங்கள் உளியைக் கேட்கிறீர்களே, படித்து ஐ.டி.க்குப் போகலாமே?" போகட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் பறைக்குக் கட்டை குடைந்தவனும் மிருதங்கத்துக்குத் தோல் பூட்டியவனும் கைவினைஞன் இல்லை, வெறும் கூலி என்று வைத்தது யார்? மிருதங்கம் செய்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதியபோது, 2020-இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. வாசிக்கிறவனுக்கு மேடை உண்டு. செய்கிறவனைப் பற்றிப் பேசவே அரங்கு இல்லை. நாங்கள் கேட்பது நூற்றாண்டாகத் தடுத்து வைத்த அறிவை. அதைக் கற்றவன் மரச்சிற்பியாகவும் இருக்கலாம், வேண்டாமென்று விட்டும் போகலாம். விடுவதற்கும் முதலில் கையில் இருக்க வேண்டுமே.

ஆசாரித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் முன்னோர் தங்கள் சடங்கைத் தாங்களே நடத்தும் உரிமைக்காகப் பார்ப்பனர்களோடு சித்தூர் அதாலத் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டி 1818-இல் வென்றவர்கள். அது சின்ன வெற்றியல்ல. மேலே இருந்தவன் கதவை உடைத்தவர்கள் கீழே இருந்தவனுக்கு ஏன் கதவைச் சாத்தினீர்கள்? 'ரத்தத்துல வரணும்' என்கிற பெருமையால் உங்களுக்குக் கிடைத்ததுதான் என்ன? பட்டணத்துக் கடைக்காரன் அந்தப் பலகையைக் காட்டி விலையை ஏற்றுகிறான். பட்டறைக்கு வருவது கூலி. இப்போது சி.என்.சி. மிஷின் வந்து கஜலட்சுமியை மணிக்கணக்கில் செதுக்கித் தள்ளுகிறது. மிஷினுக்கு ஏழு தலைமுறை ஏது?

மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957-இலிருந்து நடக்கிறது. சிற்பத்தைப் பாடத்திட்டம் போட்டு, தேர்வு வைத்து, எந்தச் சாதிப் பிள்ளைக்கும் கற்றுத்தர முடியும் என்பது அங்கேயே நிரூபணமாகிவிட்டது. அதன் கிளை ஒன்று கள்ளக்குறிச்சியில் ஏன் இருக்கக் கூடாது? மலையிலிருந்தும் காலனியிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு இரண்டாண்டுப் பயிற்சி. புவிசார் குறியீட்டின் பயனாளர் பட்டியலில் அவர்கள் பெயர். அறநிலையத்துறை தேர், வாகன வேலை கொடுக்கும்போது அவர்களுக்கும் பங்கு. கண்காட்சியில் வைக்கிற ஒவ்வொரு பொருளிலும் மரம் அறுத்தவர், செதுக்கியவர், தேய்த்தவர் என்று எல்லார் பெயரும். அதில் பெண்கள் பெயரும் வரும். தேய்ப்பதிலும் பாலிஷிலும் பாதிக் கை அவர்களுடையது, பலகையில்தான் ஒரு பெண் பெயரும் இல்லை.

சித்தப்பா இப்போது மக்காச்சோளக் காட்டுக்கும் மரவள்ளி பிடுங்கவும் போகிறார். அவர் கடைசியாகப் பாலிஷ் போட்ட குதிரை வாகனம் பக்கத்து ஊர்க் கோயிலில் இருக்கிறது. திருவிழாவுக்குத் தெருத்தெருவாக வரும், எங்கள் தெரு முனையில் திரும்பிவிடும். பட்டறையை விட்ட வருடம் அவர் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துத் தட்டித் தானே ஓர் உளி செய்துகொண்டார். எங்கள் தொகுப்பு வீட்டு வேப்பமர நிலைப்படியில் ஒரு கொடி ஓடும். இடது பக்கம் கோணல், வலது பக்கம் ஏறக்குறைய நேர். இடது பக்கத்தை முதலில் செதுக்கினாராம்.