நம் தரப்புப் பொய்யிலிருந்து தொடங்கட்டும் பாடம்

2025 மே 8 இரவு, இந்திய–பாகிஸ்தான் சண்டையின் நடுவே, இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிவிட்டது என்று பல தேசியத் தொலைக்காட்சிகள் அறிவித்தன. அப்படியொரு தாக்குதல் நடக்கவேயில்லை. கணினி விளையாட்டுக் காட்சிகளும் காஸாவில் எடுத்த பழைய காணொளிகளும் போர்முனைப் படங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றின. எல்லைக்கு அப்பாலும் இதே நிலைதான். இந்தியப் பெண் விமானி ஒருவர் பிடிபட்டுவிட்டார் என்று அங்கே பரப்பினார்கள்; அது பொய் என்று நம் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்தது. பாகிஸ்தானின் துணைப் பிரதமர் நாடாளுமன்ற மேலவையிலேயே, லண்டன் ‘டெய்லி டெலிகிராப்’ நாளிதழ் தங்கள் விமானப்படையைப் புகழ்ந்து எழுதியதாகச் சொன்னார். அவர் நம்பிய அந்த முதல் பக்கம் போலி என்று அந்நாட்டின் ‘டான்’ நாளிதழே எடுத்துக்காட்டியது. மே 10 அன்று சண்டை நின்றது. கோடை விடுமுறையில் கைபேசியும் கையுமாக இருந்த நம் பிள்ளைகள் அந்த நாட்களில் பார்த்ததில் பாதி பொய். அதை எப்படிச் சோதிப்பது என்று எந்தப் பாடநூலும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு போன்ற மீனவ ஊர்களுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு இந்தப் பகுதி மீனவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி அதில் வந்தார்கள். அதற்குப் பிறகு அடையாள அட்டை, படகுப் பதிவு, கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை என்று மீனவர்களின் அன்றாடத்துக்குள் பாதுகாப்பு விவகாரம் நுழைந்துவிட்டது. மீனவர்கள்தான் கடலோரத்தின் கண்களும் காதுகளும் என்று கடலோரக் காவல் படை சொல்கிறது. இவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைத்த அரசு, காதில் விழுவதைச் சலித்துப் பார்க்கும் பயிற்சியை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தரவில்லை. போர்க்காலத்தில் ‘ஏவுதளத்தைத் தாக்கப் போகிறார்கள்’ என்று ஒரு குரல்பதிவு கிளம்பினால், படகு இறங்காமல் வருமானம் போவது முதலில் இந்த ஊர்களில்தான். வெளியூர்ப் படகு ஒன்று ஒதுங்கினால் ஆத்திரம் பாய்வதும் அதில் வந்த இன்னொரு மீனவர் மேல்தான்.

போர்க்காலப் பிரச்சாரத்தைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலானோர் தலையாட்டுவார்கள். எதிரியின் பொய்களைத்தான் கற்பிக்கப் போகிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். கோயபல்ஸைப் பற்றி ஒரு பத்தி, நாஜிச் சுவரொட்டி ஒன்று, அவ்வளவோடு பாடம் முடிந்துவிடும். அதனால் பயனில்லை. எதிரி சொல்வதை யாரும் எளிதில் நம்பிவிடுவதில்லை. நாம் நம்ப ஆசைப்படுவதைச் சொல்கிறவரிடம்தான் ஏமாறுகிறோம். எனவே பாடம் நம் தரப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதையும் அமைதிக்காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

தொடங்குவதற்கு நம் கரையிலேயே பொருத்தமான கதை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்திருந்தார் என்று தமிழில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவியின் கையில் ஓர் உலக வரைபடத்தையும் சில தகவல்களையும் கொடுங்கள். எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதன் பின் ஐரோப்பாவின் பக்கம் போகவே இல்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னியின் தாக்குதலில் வீழ்ந்தது. செண்பகராமன் அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இருந்தார். அங்கிருந்து பெர்லினுக்குப் போனார். இரண்டு வழிகளையும் பென்சிலால் வரைந்து, எந்த இடத்தில் அவர் கப்பலேறியிருக்க முடியும் என்று கேட்டால் போதும், அந்த மாணவியே விடை சொல்லிவிடுவாள். செண்பகராமனின் பெருமை இதனால் குறையாது. பெர்லினில் இந்தியர் குழுவோடு சேர்ந்து அவர் பாடுபட்டது வரலாறு. அடுத்து ஆசிரியர் கேட்க வேண்டியது, இந்தக் கதை யாருக்குத் தேவைப்பட்டது என்பது. அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு, நம்மவர் ஒருவர் திருப்பி அடித்தார் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலைப் புரிந்துகொண்ட பிள்ளை, கராச்சித் துறைமுகம் எரிவதாகச் சொன்ன தொலைக்காட்சியையும் புரிந்துகொள்ளும்.

இரண்டாம் உலகப்போர் இன்னும் கடுமையான பாடம். சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்று ஆங்கிலேயர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; 1942 பிப்ரவரி 15 அன்று அது விழுந்தது. பர்மாவிலிருந்து தப்பி வந்த மக்கள் அரசின் வாக்குறுதிகள் என்ன ஆயின என்பதை நேரில் சொன்னார்கள். ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஜப்பானியக் கடற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று உறுதிப்படாத தகவல் ஒன்று வந்ததும், முக்கிய வேலை இல்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அரசே அறிவித்தது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. கடைசியில் எந்தக் கடற்படையும் வரவில்லை. வரலாற்றாசிரியர் இந்திவர் காம்தேகர் 1942-இன் அந்த நடுக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மாதக்கணக்கில் ‘எல்லாம் நலம்’ என்றே சொல்லிவந்த ஓர் அரசு, நிஜமாகவே நெருக்கடி வந்தபோது மக்களை நிதானப்படுத்த முடியாமல் போனது. தைரியம் ஊட்டுவதற்காகச் சொன்ன பொய்களே கடைசியில் பீதிக்கு இடம் கொடுத்தன.

ஆங்கிலேயரின் பொய்யைச் சொல்வது எளிது. நமக்கு வலிப்பது அடுத்த பக்கம். ‘ஆசியா ஆசியர்களுக்கே’ என்று முழங்கியது ஜப்பான். நேதாஜி 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தபோது மலாயாத் தமிழர்கள் திரண்டு நின்றார்கள். தோட்டத் தொழிலாளர்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அவர்களுடைய தியாகத்தில் பொய் இல்லை. ஆனால் அதே மாதம்தான் சயாம்–பர்மா ரயில்பாதை வேலை முடிந்தது. ஜப்பானிய ராணுவத்துக்காக 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டை வெட்டிப் போடப்பட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். விடுதலை முழக்கத்தை ஊருக்கெல்லாம் கொண்டுபோன வானொலிகள் இதைச் சொல்லவில்லை. அங்கே வேலை வாங்கப்பட்ட ஆங்கிலேயப் போர்க்கைதிகளைப் பற்றி உலகப் புகழ்பெற்ற திரைப்படமே வந்துவிட்டது. நம்மவர்களுக்கு நம் பாடநூலில் ஒரு பத்திகூட இல்லாமல் போகக் கூடாது. முழக்கம் உண்மையான ஏக்கத்தைத் தொட்டாலும், அதை முழங்குகிறவர் கொடுமை செய்துகொண்டிருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துப் பார்க்கும் பக்குவம் மாணவர்களுக்கு வர வேண்டும்.

இலங்கைப் போரில் வன்னியின் கடைசி மாதங்கள் இன்னும் ஆறாத புண். 2009 தொடக்கத்தில், போர்ப் பகுதியில் சிக்கியிருப்பவர்கள் 70,000 பேர் வரைதான் என்று இலங்கை அரசு கூறியது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000-க்கும் மேல். இது கணக்குப் பிழை அல்ல. எத்தனை பேருக்கு உணவும் மருந்தும் அனுப்ப வேண்டும் என்பதை அந்த எண்தான் தீர்மானித்தது. அரசு வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னது என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. நாற்பதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்றது. பொதுமக்களில் ஒருவருக்கும் பாதிப்பில்லை என்று கொழும்பு சாதித்துக்கொண்டிருந்த போர் அது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள், தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள். மக்கள் தங்களோடு விரும்பியே இருக்கிறார்கள் என்பதுதான் புலிகள் தரப்பின் பேச்சாக இருந்தது. ராணுவத்தைப் பற்றி அந்தக் குழு சொன்னதைத் தமிழ்நாட்டு மேடைகளில் எத்தனையோ முறை மேற்கோள் காட்டினோம். புலிகளைப் பற்றிச் சொன்னதை வாசிக்காமல் தாண்டினோம். முள்ளிவாய்க்காலில் செத்தவர்கள் மேல் அக்கறை உள்ளவர்கள் அறிக்கை முழுவதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக் கற்பிப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் கனமானது, நாடு போரில் இருக்கும்போது உண்மை பேசுவது படைவீரருக்கு ஆபத்து என்பது. 1971 இந்திய–பாகிஸ்தான் போர் இதற்கு நல்ல விடை தருகிறது. பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி, விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வங்கக் கடலுக்குள் வந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி நீலகண்ட கிருஷ்ணன், விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்துவைத்துவிட்டு, பழைய கப்பலான ராஜ்புத்தை விட்டு விக்ராந்த் அனுப்புவதுபோல வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தார். காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. அவர் ஏமாற்றியது எதிரியை. கப்பல் எங்கே இருக்கிறது என்று மக்களுக்குச் சொல்லாதது மௌனம். போர்க்காலத்தில் மௌனத்துக்கு இடம் உண்டு. 2025 ஏப்ரலில் படைகளின் நடமாட்டத்தை நேரலையில் காட்டாதீர்கள் என்று அரசு ஊடகங்களுக்குச் சொன்னதும் சரியே. நடக்காத வெற்றியைச் சொந்த மக்களிடம் விற்பது வேறு. அதனால் எந்த வீரரின் உயிரும் காக்கப்படுவதில்லை. மௌனத்தையும் பொய்யையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த குடிமக்களால் படைக்கு நன்மைதான்.

எதையும் நம்பாத பிள்ளைகளாக வளர்ந்துவிடுவார்களே என்ற கவலையும் நியாயமானது. ஆனால் அந்த நிலையை உண்டாக்குவது பிரச்சாரமே. ஜெர்மானியர்கள் போர்க்களப் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று 1917-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. அது பொய் என்பதை 1925-இல் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லேன் நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொள்ள நேர்ந்தது. அடுத்த போரில், யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும் செய்தி நிஜமாகவே வந்தபோது, இதுவும் பழைய கதைபோல்தான் என்று நினைத்தவர்கள் பலர். ஆதாரம் பார்த்து நம்பக் கற்றவர் அப்படி ஒரேயடியாக ஒதுக்க மாட்டார். யார் சொன்னார், நேரில் பார்த்தாரா, எண் எங்கிருந்து வந்தது, மறுதரப்பில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார். உண்மைச் செய்தியை உண்மை என்று அறியவும் இதே கேள்விகள்தான் உதவுகின்றன.

ஆசிரியர்கள் தங்கள் கட்சி அரசியலை வகுப்புக்குள் கொண்டுவந்துவிடுவார்கள் என்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய எம்டனிலும் எண்பதாண்டுக்கு முந்தைய சென்னையிலும் தொடங்கச் சொல்வது அதனால்தான். இது புதிய முயற்சியும் அல்ல. அமெரிக்காவில் 1937-இல் தொடங்கப்பட்ட பிரச்சார ஆய்வு நிறுவனம், பள்ளிகளுக்கென்றே பாடங்கள் தயாரித்து அனுப்பியது. நாடு போரை நெருங்கியபோது, நடுநிலையான ஆய்வு தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அதன் பொறுப்பாளர்களே நிறுத்தினார்கள். 1942-இல் அது மூடப்பட்டது. நம் அண்டையில், கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகள் 2018-இல் பொய்ச் செய்திகளை இனங்காணும் வகுப்புகளை நடத்தின. வகுப்பறை தாங்கும் வேலைதான் இது.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டு உலகப்போர்களும் ஏற்கெனவே பாடங்களாக உள்ளன. தனிப் பாடவேளையும் வேண்டாம், தனித் தேர்வும் வேண்டாம். அந்தப் பாடங்களோடு எம்டன், 1942-இன் சென்னை, சயாம் ரயில்பாதை ஆகியவற்றின் ஆவணங்களைச் சேர்க்கலாம். மேல்நிலை வகுப்பில் வன்னி பற்றிய ஐ.நா. அறிக்கையின் சில பக்கங்களைத் தரலாம். எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் அன்றைய அரசுத் தாள்கள் இருக்கின்றன. பழவேற்காடு முதலான கடலோரப் பகுதிகளின் அரசுப் பள்ளிகளில் முதலில் இதை நடத்திப் பார்க்கலாம். கடலோரக் காவலர்கள் மீனவர்களுக்கு நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் உயர் வகுப்பு மாணவர்களையும் உட்கார வைக்கலாம். பள்ளிக் கல்வித் துறை இதை அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போடக் கூடாது. எல்லையில் மீண்டும் துப்பாக்கி வெடித்த பிறகு, இந்தப் பாடத்தை எடுக்க எந்த ஆசிரியருக்கும் துணிவு வராது. எந்த அரசும் அதற்கு இடம் கொடுக்காது.