துணைவியார் கையில் பழைய கார்

கடந்த சில மாதங்களில் சகோதரர்கள் இருவர் வெவ்வேறு நேரங்களில் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். "ஐயா, அப்பா வாங்கிய பத்மினி கார் வீட்டில் சும்மா நிற்கிறது. விற்க மனம் வரவில்லை. அதைச் சீர்படுத்தி என் மனைவி ஓட்டும்படி மாற்றிக் கொடுக்கலாமா?" இது வாகனத்தைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும், பாதிக்கு மேல் குடும்பத்தைப் பற்றிய கேள்வியே. ஆகையால் இந்த மாதம் இதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

மும்பையில் குடியேறிய நம்மவர்களுக்கு இந்த வண்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை 1964-ஆம் ஆண்டில் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. எழுபதுகளில் பிரீமியர் பத்மினி என்ற பெயர் வந்தது. 1089 சி.சி. இஞ்சின், நான்கு கியர். ஸ்டியரிங்கின் இடப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர்த் தண்டு. பெஞ்சுபோல நீண்ட முன்னிருக்கை. கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக இந்நகரத்தைச் சுமந்தது இதுவே. கடைசி பத்மினி டாக்ஸி 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவாயிற்று. டாக்ஸிக்கு 20 ஆண்டுகளே ஆயுள் என்ற விதியின்படி 2023 அக்டோபர் இறுதியோடு அவை தெருவிலிருந்து விடைபெற்றன. தகப்பனார் வியர்வை சிந்தி வாங்கிய அப்படிப்பட்ட வண்டியை ஒரு மகன் காப்பாற்ற நினைப்பது குற்றமல்ல, அது நன்றியறிதலே.

ஆயினும் நன்றியறிதல் ஒருவருடையதாகவும், அதன் பாரம் வேறொருவருடையதாகவும் ஆகிவிடலாகாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் செம்பூர்ப் பகுதியில் இருக்கிறது. கணவருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். வாகனம் ஓட்டுவதை விட்டுவிடும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடைய வயது சென்ற தாயாருக்கோ வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலையில் ஆட்டோ கிடைப்பதில்லை. கிடைத்தாலும், சிகிச்சை முடிந்து சோர்ந்திருக்கிறவரை அதில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. ஆகவே மனைவி ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து உரிமம் பெற்றார். கணவரும் வீட்டிலிருந்த பத்மினியை மனைவிக்கென்றே ஒரு வருஷ காலம் கேரேஜில் விட்டு, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்து, கண்ணாடிபோல் மின்ன வைத்தார். அகலமான டயர் போட்டார். பழைய பெரிய ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு, பந்தயக் காரில் இருப்பதுபோன்ற சிறிய ஸ்டியரிங்கைப் பொருத்தினார். சாவியை மனைவி கையில் கொடுத்தபோது அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்த அம்மாள் ஒரே ஒருமுறை ஓட்டினார். சயான் சர்க்கிளில் வண்டியைத் திருப்புவதற்குள் தோள்பட்டை இற்றுப்போயிற்று. பிறகு தொடவில்லை. கணவர் மனம் புண்பட்டு, "உனக்காகத்தானே இவ்வளவும் செய்தேன்" என்றார். மனைவி சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "எனக்காகச் செய்தீர்கள், ஆனால் ஒருநாளாவது என்னை அதில் உட்காரவைத்துப் பார்த்தீர்களா?"

பிரியமானவர்களே, இந்த ஒரு கேள்வியில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

அகலமான டயர் நின்ற இடத்தில் தரையை அதிகமாகப் பற்றுகிறது. திருப்ப அதிக வலு வேண்டும். சிறிய ஸ்டியரிங்கோ நெம்புகோலின் நீளத்தைக் குறைப்பதுபோல. அதே சக்கரத்தைத் திருப்பக் கை இன்னும் பலமாக இழுக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் பெரிய ஸ்டியரிங்கை வைத்தது அழகிற்காக அல்ல, ஓட்டுகிறவரின் கைக்கு உதவியாகவே. கணவர் அழகென்று எண்ணிச் செய்த இரண்டு மாற்றங்களும் மனைவியின் தோளின்மேல் ஏற்றிய சுமைகளாயின. அன்பு அதில் குறைவாயிருக்கவில்லை, விசாரிப்புதான் குறைவாயிருந்தது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? முதலாவது, வண்டியை மாற்றுவதற்கு முன் அது ஆதியில் இருந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பழைய காரின் ஸ்டியரிங் கனமாயிருப்பதற்குப் பல சமயங்களில் காரணம் அதன் வடிவமைப்பு அல்ல, நெடுநாள் கவனிப்பின்மையே. முன் சக்கரங்களின் கிங் பின்னில் கிரீஸ் வற்றியிருக்கும். டயரில் காற்று குறைந்திருக்கும். சக்கர அலைன்மென்ட் விலகியிருக்கும். இவற்றைச் சரிசெய்து, உரிய அளவு டயரையும் பழைய ஸ்டியரிங்கையும் திரும்பப் போட்டாலே பாதி பாரம் இறங்கிவிடும். கிளட்ச் பெடலும் அவ்வாறே. தேய்ந்த பாகங்களும் எண்ணெய் காணாத இணைப்புகளும் சேர்ந்தே அதைக் கல்லாக்குகின்றன.

இரண்டாவது, இருக்கை. ஒரே பெஞ்சாக இருக்கும் முன்னிருக்கையில் ஒருவர் முன்னே நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவரும் நகர்ந்தாக வேண்டும். மனைவியின் கால் பெடலை எட்டும்படி இழுத்தால், நெடிய கணவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். இதனாலேயே அநேக வீடுகளில் இருக்கை கணவரின் அளவிலேயே நின்றுவிடுகிறது. மனைவி நுனியில் உட்கார்ந்து, முதுகில் தலையணை வைத்து ஓட்டுகிறார். இது ஆபத்தானது. அக்காலத்து வண்டிகளின் ஸ்டியரிங் தண்டு, மோதும்போது மடங்கி உள்ளே போகும் அமைப்புடையதல்ல. அதற்கு மிக அருகில் உட்காருகிறவரின் மார்புக்கே முதல் அடி. மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் இடையே ஒரு சாண் தூரத்திற்கு மேலாகவே இருக்கட்டும். இரண்டு தனி இருக்கைகளை, தனித்தனியே நகரும் தண்டவாளங்களோடு பொருத்துவதே உத்தமம். தேவையானால் பெடலின்மேல் கனம் கூட்டும் கட்டை பொருத்தலாம். அது ஒருபோதும் கழன்று விழாதபடி இறுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, சீட் பெல்ட். நம் நாட்டில் கார்களின் முன்னிருக்கைக்குப் பெல்ட் கட்டாயமானது 1994-ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய வண்டியில் அது இல்லாமலிருக்கலாம். பெல்ட்டை வெறும் தகட்டில் போல்ட் போட்டுக் கட்டுவது கண்துடைப்பு. மோதலின் வேகத்தில் தகடு கிழிந்து பெல்ட் கையோடு வந்துவிடும். பின்னே வலுவான இரும்புத் தகடு வைத்து, துரு இல்லாத உறுதியான இடத்தில் பொருத்த வேண்டும். இரு பக்கமும் கண்ணாடி வையுங்கள். இவை செலவில் சிறியவை, பயனில் பெரியவை.

நான்காவது, பிரேக். முற்கால மாடல்களில் நான்கு சக்கரத்திற்கும் டிரம் பிரேக். எண்ணெய்ப் பாதையோ ஒன்றே ஒன்று. ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டால் நான்கு சக்கரத்தின் பிடியும் போய்விடும். பாதையை இரண்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டரும், இஞ்சினின் வெற்றிட இழுப்பைக் கொண்டு கால் அழுத்தத்தைக் குறைக்கும் சர்வோவும் பொருத்துகிறவர்கள் உண்டு. சர்வோ உள்ள வண்டியில் இஞ்சின் நின்றுவிட்டால் பெடல் கல்லாகும் என்பதையும் ஓட்டுகிறவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மின்சாரப் பவர் ஸ்டியரிங்கைப் பற்றியும் கேட்கிறீர்கள். அதன் மோட்டார் வண்டியைத் திருப்பும் தருணத்தில் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். பழைய டைனமோ அதைத் தாங்காது, ஆல்டர்னேட்டர் வேண்டும். அதற்குப் புதிய கனமான ஒயரும் ஃபியூசும் வேண்டும். காலத்தால் உறை வெடித்த பழைய ஒயரில் அந்த மின்சாரம் பாய்ந்தால் தீப்பற்றவும் கூடும். ஒரு மாற்றம் மூன்று மாற்றங்களைக் கூட்டிக்கொண்டு வரும். கணக்குப் பார்த்தே இறங்குங்கள்.

இனி சட்டத்திற்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் ஆதியில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்திற்று. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உடற்குறை உள்ளவருக்கென்று வண்டியைத் தகவமைக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. அதற்கும் அனுமதி உண்டு, முறை உண்டு. ஆகையால் பிரேக், ஸ்டியரிங், இஞ்சின் எதைத் தொடுவதானாலும் ஆர்.டி.ஓ.வில் எழுத்தில் கேட்டு, பிறகே கேரேஜுக்குப் போங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்தின் நாளில் இழப்பீட்டுக்கே தடையாகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021-ஆம் ஆண்டு வந்த விதியின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டணத்தில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கேட்பதற்குக் கௌரவமாயிருக்கும். ஆனால் சேசிஸ், பாடி, இஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. அன்றியும் அந்த வண்டியை அன்றாடத் தேவைக்கு ஓட்டவும் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்குமே அது தெருவில் இறங்கலாம். ஆகவே நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: இது தகப்பனாரின் நினைவுப் பொருளா, மனைவியின் வாகனமா? இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் பணத்தையும் சமாதானத்தையும் ஒருங்கே கெடுக்கும்.

மனைவி ஓட்டினால் வண்டி கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், கார்ல் பென்ஸ் என்பவர் உண்டாக்கிய மோட்டார் வண்டியை அவருடைய மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே, இரு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்கு ஓட்டிச் சென்றார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தினார். மேட்டில் வண்டி ஏற மறுத்தபோது இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்து அவர் சொன்ன குறையைக் கேட்டே, மேடேறுவதற்கென்று இன்னொரு கியரை கார்ல் பென்ஸ் சேர்த்தார். உண்டாக்கியவருக்கே தெரியாத குறை, ஓட்டியவருக்குத் தெரிந்தது. மனைவியின் சொல்லைக் கணவர் முறையீடு என்று தள்ளாமல் ஆலோசனையாக ஏற்றுக்கொண்டதால் வண்டி மேன்மையடைந்தது.

செம்பூர்க் குடும்பத்திலும் அதுவே நடந்தது. மூத்த மெக்கானிக் ஒருவர் அந்த அம்மாளை ஓட்டுநர் இடத்தில் உட்காரவைத்து, காலின் எட்டுதலையும் கையின் எட்டுதலையும் அளந்தார். பழைய ஸ்டியரிங்கும் உரிய டயரும் திரும்ப வந்தன. கிங் பின் புதிதாயிற்று. இருக்கை பிரிந்தது, பெல்ட்டும் கண்ணாடியும் சேர்ந்தன. ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் பழகும்வரை, ஞாயிறு மாலைகளில் வெற்று மைதானத்தில் பழகினார். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது கணவரல்ல, அந்த மெக்கானிக்கே. அது அம்மாள் வைத்த நிபந்தனை. இப்பொழுது நெரிசல் தொடங்குமுன் மாமியாரை மருத்துவமனைக்கு அவரே அழைத்துச் செல்லுகிறார். நெரிசலான நேரத்திலும் மழைக் காலத்திலும் அந்த வண்டியை எடுப்பதில்லை என்று இருவரும் ஒருமனப்பட்டிருக்கிறார்கள்.

எல்லா வீட்டிற்கும் முடிவு இதுவாக இருக்க வேண்டியதில்லை. நெரிசலில் தினந்தோறும் ஓட்ட வேண்டியவருக்கு, முழங்கால் வலி உள்ளவருக்கு, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள ஒரு கியர் மாற்றத் தேவையற்ற கார் ஒருவேளை சிறந்த அன்பாக இருக்கும். எத்தனை மாற்றம் செய்தாலும் பழைய பத்மினி இன்றைய காரின் பாதுகாப்பைத் தராது. உங்கள் மனைவி, "எனக்கு இது வேண்டாம், அது போதும்" என்று சொன்னால், அது உங்கள் தகப்பனாரை அவமதிப்பதாகாது.

ஆகையால் கேரேஜுக்குப் போகுமுன் ஒரு மாலை வேளையில் சாவியை அவர் கையில் கொடுங்கள். நின்றிருக்கும் வண்டியில் அவர் உட்காரட்டும். கிளட்சை மிதிக்கட்டும், ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும், பின்னே திரும்பிப் பார்க்கட்டும். எது எட்டவில்லை, எது கனக்கிறது, எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். எங்கே போக வேண்டும் என்றும் கேளுங்கள். அவர் சொல்லுகிறவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் மறுத்துப் பேசாதிருங்கள். மெக்கானிக்கிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாளே.