'பூவா'வுக்கு ஆகாத பேப்பரா?

"பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எலெக்டிவா? எடுடா மச்சான், ஈஸியா பாஸ் ஆயிடலாம். ஆனா பூவாவுக்கு ஆகாது!"

போன செமஸ்டரில் ஒரு சீனியர் சொன்னது இது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். பாஸ் ஆனா போதும்னு எடுத்தேன். அசைன்மென்ட்டில் எனக்கு வந்த தலைப்பு ஒரு புரத டொமைன். பெயர் பி.யு.ஏ. சேர்த்துப் படித்தால் அதுவும் பூவாதான்!

டொமைன் என்பது புரதத்துக்குள் தனியாக மடிந்து நிற்கும் ஒரு பகுதி. நம்ம பாஷையில், பல புரோகிராம்கள் கூப்பிடும் ஒரே லைப்ரரி ஃபங்ஷன் மாதிரி. செல் தன் ஆர்.என்.ஏ.வில் சில எழுத்துகளை வேதியியல் முறையில் மாற்றுகிறது. யூரிடினை சூடோயூரிடினாக மாற்றுவது அதில் ஒன்று. அப்படி மாற்றும் பல என்சைம்களில், ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ள உதவுவது இந்த பி.யு.ஏ. அளவு ஏறத்தாழ 80 அமினோ அமிலம்தான். ஈ.கோலை பாக்டீரியாவின் ட்ரூபி என்சைமிலும் இருக்கு, நம்ம உடம்பில் இருக்கும் டிஸ்கெரினிலும் இருக்கு. பரிணாமம் இத்தனை காலம் கைவிடாமல் வைத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த விதம்தான் என்னை உலுக்கியது. அமெரிக்காவின் என்.சி.பி.ஐ.யில் இருந்த அரவிந்தும் கூனினும் புரத வரிசைகளைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டே 1999-ல் இதை அடையாளம் காட்டினார்கள். 'இது ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும்' என்று கணித்தார்கள். பின்னால் வந்த படிக ஆய்வுகள் அதை உறுதி செய்தன. நாம ஸ்ட்ரிங் மேட்சிங், டைனமிக் புரோகிராமிங் என்று எக்ஸாமுக்குப் படிக்கிறோமே, அதே குடும்பத்து வேலை!

இது வெறும் எழுத்து விளையாட்டும் இல்லை. டிஸ்கெரினில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிடா என்ற பரம்பரை நோய் வரலாம். நகம் சிதையும், எலும்பு மஜ்ஜை செயலிழக்கும். அந்த மாற்றங்களில் பல, பி.யு.ஏ. பகுதியிலும் அதை ஒட்டியும்தான் இருக்கின்றன.

ஆனா நம்ம வகுப்பில்? 'டொமைன் - வரையறு', இரண்டு மார்க். ஒரு அலைன்மென்ட்கூட நாங்க ஓட்டிப் பார்க்கவில்லை. புரத வரிசைகள் இலவசம், பிளாஸ்ட் இலவசம், லேபில் நெட்டும் இருக்கு. ஒரு யூனிட்டுக்கு நோட்ஸ் சொல்வதை நிறுத்திவிட்டு, ஆளுக்கு ஒரு புரதம் கொடுத்துத் தேடச் சொன்னால் என்ன?

ஜூனியர்களே, பாஸ் ஆவதற்காகவே எடுங்க, தப்பில்லை. ஆனா ட்ரூபியையும் டிஸ்கெரினையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பூவாவுக்கு ஆகுமா ஆகாதா என்று அப்புறம் பேசலாம்.