பெயிண்டில ஏலாதாம்!

எங்கட பள்ளிவாசல்துறையில ஒரு பெனர் கட்டினால் முதலில் கண்ணில் படுவது லோகோவைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பெட்டிதான். கேட்டால், "பெயிண்டில ஏலாது தம்பி, போட்டோஷொப் வேணும்" என்பார்கள் நானாமார். பிறகு கிரெக் பண்ணின பிரதியொன்று பென்டிரைவில் வரும். வைரசும் கூடவே வரும். இந்தக் கதையை நாங்கள் ஏற்க மாட்டோம்.

பழைய பெயிண்ட் டிரான்ஸ்பேரண்ட் பின்னணியைச் சேமிக்காது, உண்மைதான். பிஎன்ஜியாகச் சேமித்தாலும் வெள்ளையை நிரப்பியே தரும். ஆனால் ஒட்டும்போது வெள்ளையை விட்டுவிடும். பெனர் படத்தை முதலில் திறங்கள். 'டிரான்ஸ்பேரண்ட் செலக்‌ஷன்' போட்டு, கலர் 2 வெள்ளையாக இருக்க, லோகோவை மேலே ஒட்டுங்கள். பெட்டி போய்விடும். (லோகோவுக்குள்ள இருக்கிற வெள்ளைப் பிறையும் சேர்ந்து போகும், அதுக்கு முதலே லேசா மஞ்சள் ஊத்தி வையுங்கோ.) ஜேபெக் லோகோ மட்டும் வேண்டாம், ஓரமெல்லாம் அழுக்கு வெள்ளை மிஞ்சும்.

2023 இல் விண்டோஸ் 11 பெயிண்டுக்கே லேயரும் டிரான்ஸ்பேரண்ட் பின்னணியும் வந்துவிட்டன. அது ஓடாத கொம்பியூட்டருக்கு, 1996 இல் வெளியான ஜிம்ப் இருக்கிறது, இலவசம். லோகோ வெட்டக் காசு கேட்கிறவரிடம் இதையும் ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.